ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு கிராமர், ரைட்டிங் புக் வாங்குறப்போ நம்ம வீடுகள்ல நடக்குற தவறுகள்

பெங்களூர்ல ஹோம்ஸ்கூல் பண்ற நம்ம தமிழ் குடும்பங்கள்ல 9லேருந்து 11 வயசு பிள்ளை இருந்தா, எங்கிட்ட வர்ற முதல் கேள்வி "இங்கிலீஷ் ரைட்டிங்குக்கு எந்த கரிக்குலம் வாங்கலாம்?"ங்கறதுதான். மேத்ஸுக்கு யாரும் இவ்ளோ குழம்பறதில்ல. ரைட்டிங்னு வந்தா மட்டும் யாரோ நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு வெளிநாட்டு செட்டை ஷிப்பிங், கஸ்டம்ஸ் எல்லாம் கட்டி வாங்கி, ரெண்டு மாசத்துல பிள்ளையும் அழுது அம்மாவும் அழுது அது அலமாரிக்கு போயிடுது. அந்த காசை விட அந்த அழுகைதான் எனக்கு வருத்தமா இருக்கு.

பெரிய தப்பு என்னன்னா, பிள்ளை எழுதினத பாக்காமலே புக் தேடறது. முதல்ல ஒரு பக்கம் எழுத சொல்லுங்க, கப்பன் பார்க் போனதோ அம்மாச்சி வீட்டுக்கு போனதோ எதுவா இருந்தாலும் சரி, திருத்தாம எடுத்து வெச்சு நிதானமா படிங்க. சொல்ல விஷயமே இல்லாம நாலு வரியோட நிக்குதா, விஷயம் நிறைய இருந்து வாக்கியம் உடையுதா, இல்ல கை வலிச்சு எழுத முடியலயா? மூணும் வேற வேற பிரச்சனை, மூணுக்கும் ஒரே புக் கிடையாது.

அந்த பக்கத்துல இன்னொன்னும் தெரியும், இதத்தான் யாரும் யோசிக்கறதில்ல. அமெரிக்க ஹோம்ஸ்கூல் கிராமர் புக்ஸ் பெரும்பாலும் பொறந்ததுலேருந்து வீட்டுல இங்கிலீஷ் பேசற பிள்ளைய மனசுல வெச்சு எழுதினது. 'அ டாக்', 'த டாக்' வித்தியாசம் அந்த பிள்ளை காதுலயே இருக்கும், அதனால ஆர்ட்டிகிள் பாடம் சீக்கிரமே முடிஞ்சுடும், அதுக்கு பதிலா அந்த ஊர் பிள்ளைங்க பண்ற டபுள் நெகட்டிவ் (ஒரே வாக்கியத்துல ரெண்டு தடவை 'இல்ல'ன்னு சொல்றது) மாதிரி தப்புக்கெல்லாம் பாடம் இருக்கும். நம்ம பிள்ளை பண்ற தப்பு வேற. 'ஐ சா டாக் நியர் கேட்', 'ஷி இஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'வி டிஸ்கஸ்டு அபவுட் இட்', இப்படித்தான் வரும். தமிழ்ல ஆர்ட்டிகிள் கிடையாது, இங்கிலீஷ்ல முன்னாடி வர்ற ப்ரிபொசிஷன் வேலைய நம்ம வேற்றுமை உருபு பேருக்கு பின்னாடி ஒட்டிக்கிட்டு செய்யுது. கன்னடமும் அப்படித்தான், ஹிந்தியிலயும் ஆர்ட்டிகிள் இல்ல, அதனால வாசல்ல விளையாடப் போனாலும் இது தானா சரியாகாது. எத்தனை அழகான அமெரிக்க புக் வாங்கினாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும். இங்கிலீஷ ரெண்டாவது மொழியா படிக்கறவங்களுக்குன்னு எழுதின கிராமர் புக் ஒண்ணு கூட வெச்சுக்கோங்க, சர்ச் ஸ்ட்ரீட்ல பிளாஸம் மாதிரி செகண்ட் ஹேண்ட் புக்கும் விக்கற கடையில தேடி பாருங்க.

தாத்தா ஆசையா எடுத்து குடுக்கற ரென் அண்ட் மார்ட்டின் விஷயம் தனி. 1930கள்ல வந்த புக், தலைப்புலயே ஹை ஸ்கூல்னு இருக்கு. நீங்க சந்தேகம் பாக்க அருமையான புக், 9 வயசு பிள்ளைக்கு முதல் அத்தியாயத்துலேருந்து நடத்தறதுக்கு இல்ல.

கிராமர் ஒர்க்புக்க முடிச்சா எழுத்து தானா வந்துடும்னு நம்பறது அடுத்த தவறு. அமெரிக்க கல்வி ஆய்வாளர்கள் ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் ரெண்டு பேரும் 4லேருந்து 12ஆம் கிளாஸ் வரைக்குமான ஆய்வுகள தொகுத்து 2007ல ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. கிராமர தனியா நடத்தினா எழுத்து மேம்படல, சராசரியா பாத்தா பலன் மைனஸ்லதான் போச்சு. சின்ன வாக்கியங்கள சேத்து ஒண்ணாக்கற பயிற்சி நல்லா வேலை செஞ்சுது, எப்படி திட்டம் போட்டு எழுதி திருத்தறதுன்னு படிப்படியா சொல்லித்தர்றது அத விட நல்லா வேலை செஞ்சுது. 'மழை பெய்ஞ்சுது. பஸ் வரல. நடந்து போனோம்'ங்கறத 'மழையில பஸ் வராததால நடந்தே போனோம்'னு ஆக்கற மாதிரிதான், இங்கிலீஷ்ல தினமும் பத்து நிமிஷம் போதும், புக்கே தேவையில்ல. அதுக்காக கிராமர விட்டுட சொல்லல, அது தனியா கொஞ்சம் போகட்டும், எழுத்து தினமும் நடக்கட்டும்.

பெரிய பேர் இருக்கற ரைட்டிங் கரிக்குலம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பிள்ளைக்கு. ஐஇடபிள்யூங்கற (இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்) அமெரிக்க கரிக்குலத்துல ஒரு பத்திய குடுத்து, வரிக்கு மூணு முக்கிய வார்த்தை வரை எடுத்து, அத வெச்சு திரும்ப எழுத சொல்வாங்க. என்ன எழுதறதுன்னே தெரியலன்னு உக்காந்திருக்கற பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி, ஆனா பாராவுல என்னென்ன இருக்கணும்னு அதுல குடுக்கற செக்லிஸ்ட்ட ரொம்ப பிடிச்சுக்கிட்டா எல்லா பாராவும் ஒரே மாதிரி ஆயிடும். பிரேவ் ரைட்டர் அதுக்கு நேர் எதிர், பேசி பேசி சுதந்திரமா எழுத விடற வழி, அதுக்கு அம்மாவோ அப்பாவோ கூட உக்காரணும். ஒயிட்ஃபீல்டு ஐடி வேலைய வீட்டுலேருந்தே பாத்துக்கிட்டு மீட்டிங் நடுவுல நடத்தறேன்னா கஷ்டம். ராட் அண்ட் ஸ்டாஃப் மெனனைட் கிறிஸ்தவங்க போடற புக், உதாரண வாக்கியங்கள்ல பைபிள் நிறைய வரும், அது உங்க வீட்டுக்கு ஒத்துவருமான்னு முன்னாடியே பாத்துக்கோங்க. ஸ்பெல்லிங்கும் பெரும்பாலும் அமெரிக்கன்தான், 'கலர்'ல யூ இருக்காது. எதுவா இருந்தாலும் சாம்பிள் பிடிஎஃப் கிடைச்சா பிரிண்ட் எடுத்து ஒரு வாரம் நடத்தி பாத்துட்டு வாங்குங்க.

கிரேடு நம்பர பாத்து செட்டா வாங்கறதும் வேண்டாம். கிராமர்ல அஞ்சாம் கிளாஸ் அளவு இருக்கற பிள்ளை எழுத்துல மூணாம் கிளாஸ்ல இருக்கும், அது சாதாரணம். தனித்தனியா வாங்கினா தனித்தனி வேகத்துல போகலாம். கை வலிக்குதுன்னு சொல்ற பிள்ளைக்கு அது சொல்ல சொல்ல நீங்க எழுதுங்க, கையெழுத்துக்கு வேற நேரம். திருத்தறப்போ ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வகை தப்பு மட்டும். இந்த வாரம் ஆர்ட்டிகிள்னா ஆர்ட்டிகிள்தான், ஸ்பெல்லிங் கண்ண உறுத்தினாலும் விட்டுடுங்க.

பரீட்சை பயத்துல இப்பவே ஃபார்மல் லெட்டர் ஃபார்மட்ட மனப்பாடம் பண்ண வைக்கறவங்களும் இருக்காங்க. ஸ்கூல் போகாமலே பரீட்சை எழுத வழி இருக்கற என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுத குறைஞ்சது 14 வயசு ஆகணும். 10 வயசு பிள்ளைக்கு நாலு வருஷம் இருக்கு.

அப்புறம் தமிழ். பெங்களூர்ல ஸ்கூல் போற பிள்ளைக்கே தமிழ் எழுத்து அபூர்வம், வீட்டுல படிக்கற பிள்ளைக்கு நாமதான் குடுக்கணும். கதைய முதல்ல தமிழ்ல வாய்விட்டு முழுசா சொல்ல விட்டுட்டு அப்புறம் இங்கிலீஷ்ல எழுத சொல்லுங்க, வரிசை தப்பாது, விஷயமும் கூடும். தமிழ் எழுத, தமிழ்நாடு அரசு பாடப்புத்தகம் பிடிஎஃப்பா ஃப்ரீயா கிடைக்குது, தமிழ் இணையக் கல்விக்கழகம் சைட்டுலயும் பாடங்கள் இருக்கு. நாலாம் கிளாஸ் புக் சிரமமா இருந்தா ரெண்டாம் கிளாஸ் புக் எடுங்க, வயசு பாக்க வேண்டாம்.