படம் முழுவதையும் சொல்லாதீர்கள்: பர்தேகானி பழகுவோர் செய்யும் தவறுகள்

ஈரானில் கர்பலாவின் கதையை, அதாவது நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் கலீஃபா யஸீதின் படையால் கொல்லப்பட்ட போரின் கதையை, ஒரு பெரிய துணி ஓவியத்தின் முன் நின்று, கையில் குச்சியோடு சொல்லும் கலை பர்தேகானி. ஓவியம் பர்தே, சொல்பவர் பர்தேகான். அந்தக் காலத்து பர்தேகான்கள் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆள் கூடும் இடத்தில் சுவரில் மாட்டிக் கதை சொன்னார்கள். இப்போது பழக வரும் இளைஞர்களைப் பார்க்கிறேன். நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். குரல் நடுங்குவது, வரி மறப்பது எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டம் கட்டமாகப் படிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கூட்டத்தை இழக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பல பர்தேக்களில் நடுவே குதிரை மேல் இமாம் ஹுசைனின் தம்பி அப்பாஸ் இருப்பார், மற்ற எல்லாரையும்விடப் பெரிய உருவமாக. அவரைச் சுற்றிச் சின்னச் சின்னக் காட்சிகள்: எதிரிப் படைத் தளபதி ஹுர் மனம் மாறி இமாம் ஹுசைனிடம் வருவது, காசிமின் திருமணம், கைக்குழந்தை அலி அஸ்கரை இமாம் ஏந்தி நிற்பது, எரியும் கூடாரங்கள், யஸீதின் சபை. ஒரு மூலையில் முக்தார், இமாமைக் கொன்றவர்களைத் தண்டிக்கிறார். கர்பலா நடந்தது கி.பி. 680இல், முக்தார் கூஃபாவில் கிளர்ச்சி செய்தது 685இல். இரண்டும் ஒரே துணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓவியர் காலவரிசை பார்க்கவில்லை. யார் பெரியவரோ அவரைப் பெரிதாக வரைந்தார், மீதி இடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தார். எது முன்னே, எது பின்னே என்று சொல்ல வேண்டியவர் பர்தேகான்.

புதியவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. மேல் மூலையில் குச்சியை வைத்து, "இது இன்னது, அது இன்னது" என்று ஒவ்வொரு கட்டமாக இறங்கி வருவார்கள். அப்படித்தான் ஒரு பையன் முஹர்ரம் மாதத்தில், ஒரு வீட்டு முற்றத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாஸ் ஃபுராத் (யூப்ரடீஸ்) நதிக்குத் தண்ணீர் எடுக்கப் போனார் என்று இரண்டு வாக்கியம், உடனே அடுத்த கட்டம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "மகனே, அந்தத் தோல்பை என்ன ஆனது?" அவனிடம் பதில் தயாராக இல்லை. குச்சி ஏற்கெனவே கூடாரங்களுக்குப் போய்விட்டிருந்தது. பின்வரிசை மெல்ல எழுந்து போனது.

அந்தத் தோல்பைதான் கதை. அப்பாஸ் ஆற்றில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளுகிறார். கூடாரத்தில் குழந்தைகள் தாகத்தில் கிடப்பது நினைவுக்கு வருகிறது. குடிக்காமல் கொட்டிவிட்டுப் பையை நிரப்பிக்கொண்டு திரும்புகிறார். வலது கை போகிறது, பிறகு இடது கை. பையைப் பல்லால் கவ்விக்கொள்கிறார். அப்புறம் ஓர் அம்பு பையில் பாய்கிறது. இதை மட்டும் ஒரு மணி நேரம் சொல்லலாம். கேட்கிறவர்களுக்கு முடிவு சிறுவயதிலிருந்தே தெரியும். தெரிந்ததை மறுபடி அனுபவிக்கத்தான் அவர்கள் வந்து உட்கார்கிறார்கள்.

ஆகவே ஒரு மஜ்லிஸை, அதாவது ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் இரண்டு. மற்றவை துணியில் இருந்துவிட்டுப் போகட்டும். பழைய பர்தேகான்கள் ஓவியத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டு, கதை நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கியது இதற்காகத்தான். மூடியிருக்கும் இடத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை, அடுத்து என்ன என்று காத்திருப்பார்கள். எடுத்த எடுப்பில் முழுத் துணியையும் உருவிவிட்டால் ஆளுக்கொரு மூலையைப் பார்ப்பார்கள், உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கொரீஸை அறிவித்துவிடுவது

எந்தக் கதை சொன்னாலும் ஓரிடத்தில் கர்பலாவுக்குத் திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்துக்குக் கொரீஸ் என்று பெயர். "சரி, இப்போது கர்பலாவுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டால் அது செத்துவிடும். எட்டாவது இமாமான ரிஸாவும் மானும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வேடனிடம் சிக்கிய தாய் மான், குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறது. இமாம் அதற்கு ஜாமீன் நிற்கிறார். மானும் சொன்னபடி திரும்பி வருகிறது. குட்டிகள் பால் குடித்ததைச் சொல்லும் இடத்தில் சற்று நிறுத்துங்கள். பிறகு அலி அஸ்கரின் தாய்க்குத் தாகத்தில் பால் வற்றியதைச் சொல்லுங்கள். கர்பலா என்ற பெயரே வேண்டாம். கூட்டம் உங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஓவியத்தில் வரலாற்றுப் பிழை தேடுவது

இந்த ஓவிய மரபுக்கே கியாலி சாஸி என்று பெயர். மாதிரி வைத்து வரையாமல், கேட்ட கதையை மனதில் கண்டு வரைவது. முஹம்மத் முதப்பிர் மதக் காட்சிகளுக்கும், ஹுசைன் கோல்லர் ஆகாஸி பாரசீகக் காவியமான ஷாநாமாவின் காட்சிகளுக்கும் பேர்போன ஓவியர்கள். இந்தியாவில் வேட்டைக்குப் போய்ச் சிங்கத்திடம் சிக்கிய சுல்தான் கைஸை, கர்பலா களத்தில் நிற்கும் இமாம் வந்து காப்பாற்றும் காட்சியும் பர்தேயில் உண்டு. "அவ்வளவு தூரம் எப்படி வந்தார்" என்று கேட்பவருக்கு இந்தக் கலை ஒத்துவராது.

ருஸ்தமின் குரலில் இமாமைப் பேச வைப்பது

நக்காலி, அதாவது ருஸ்தம் போன்ற ஷாநாமா வீரர்களின் கதை சொல்வது, பழகிவிட்டு வருபவர்களின் வழக்கம். வேண்டாம்.

குச்சியால் துணியைத் தட்டுவது

எண்ணெய்ச் சாயம், சுருட்டிச் சுருட்டி ஏற்கெனவே வெடித்திருக்கும். ஒரு விரல் இடைவெளி விட்டுக் காட்டுங்கள்.

காசைக் கடைசியில் கேட்பது

கதை முடிந்ததும் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உச்சத்துக்கு ஒரு படி முன்னால், அப்பாஸ் ஆற்றங்கரையில் நிற்கும்போதே நிறுத்தி, நபிக்கு வாழ்த்தான ஸலவாத் சொல்ல வைத்து, துஆ (பிரார்த்தனை) செய்து கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். துணி வரைந்தவருக்குக் கூலி, உங்களுக்குச் சாப்பாடு, எல்லாம் அதில்தான் வர வேண்டும்.