ஹேலோ எஞ்சின் மாறினால் நீங்களும் மாற வேண்டுமா?

கிழக்கிலங்கையின் கல்லடியிலும் கல்முனையிலும் கேம் செய்யத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கச்சிமாரின் வேலைகளை அவ்வப்போது பார்த்துக் கருத்துச் சொல்வதுண்டு. எங்கள் செட் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பேக்கப் எடுக்காதது, முதல் கேமையே ஓப்பன் வேர்ல்டாகத் தொடங்குவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கேமின் படம், அசைவு, ஒலி எல்லாவற்றையும் ஓட்டும் அடிப்படை மென்பொருள்தான் எஞ்சின்; அதன் தேர்வில் நடப்பதை மட்டும் பேசுவோம்.

பாதியில் எஞ்சினை மாற்றுவது

இதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

மூன்று பொடியன்கள் கொம்புமுறியை மொபைல் கேமாகச் செய்துகொண்டிருந்தார்கள். கண்ணகி அம்மன் வழிபாட்டோடு வரும் விளையாட்டு அது. வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்களுக்குத் தோல்வி. யூனிட்டி என்ற எஞ்சினில் செய்திருந்தார்கள். கொம்பு எவ்வளவு விறைக்க வேண்டும், எந்தக் கணத்தில் முறிய வேண்டும் என்பதை இழைத்து இழைத்துச் சரிப்படுத்தியிருந்தார்கள். விளையாடிப் பார்த்தபோது எனக்குக் கை வியர்த்தது. மெனுவும் சத்தமும்தான் மிச்சம்.

2024 ஒக்டோபரில் ஹேலோ செய்தி வந்தது. ஹேலோ என்ற பிரபல சுடும் விளையாட்டைச் செய்யும் 343 இண்டஸ்ட்ரீஸ் பெயரை ஹேலோ ஸ்டூடியோஸ் என்று மாற்றிக்கொண்டு, தங்கள் சொந்த ஸ்லிப்ஸ்பேஸ் எஞ்சினை விட்டு இனி அன்ரியல் 5 எஞ்சின் என்று அறிவித்தது. செய்தியைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

“அண்ணன், ஹேலோக்காரனே அன்ரியலுக்குப் போயிற்றான். விட்சர் செய்யிறவனும் போயிற்றான். மறுகா நாங்க மட்டும் இதில இருந்து என்ன செய்யிற?”

தலைகீழாக நின்று சொன்னேன், கேட்கவில்லை. மாற்றினார்கள்.

மாற்றினால் எது கூட வரும்? முப்பரிமாண மாதிரிகள், படங்கள், ஒலிகள் வரும். சி ஷார்ப் மொழியில் எழுதிய நிரல் ஒரு வரிகூட வராது. அன்ரியலில் சி பிளஸ் பிளஸ் மொழி, அல்லது பெட்டிகளைக் கோடிட்டு இணைத்து நிரல் கட்டும் புளூபிரிண்ட். காட்சிகள், மெனு, தொடுதிரைக் கட்டுப்பாடு, வெளிச்சம் எல்லாம் முதலிலிருந்து. யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீற்றர், மேல்நோக்கிய அச்சு வை. அன்ரியலில் ஓர் அலகு ஒரு சென்ரிமீற்றர், மேல்நோக்கிய அச்சு இசட். இவற்றைக்கூட ஒரு கிழமை இருந்து திருத்திவிடலாம். இயற்பியல்தான் ஆளை விழுத்தும். இயற்பியலைக் கணக்கிட யூனிட்டி முப்பரிமாணத்தில் ஃபிசிக்ஸ் (PhysX) என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறது, அன்ரியல் 5 தன் சொந்தக் கேயாஸை. மூட்டு எந்த விசையில் உடையும் என்ற எண்ணை அங்கிருந்து எடுத்து இங்கே போட்டால் அதே முறிவு கிடைக்காது. பொடியன்களின் கொம்பு தொட்டவுடன் முறிந்தது. எண்ணைக் கூட்டினால் முறியவே இல்லை. அவர்களுடைய கேமே அந்த ஒரு முறிவுதான். அது இன்றுவரை வெளிவரவில்லை. ஒருவன் இப்போது கட்டாரில் வேறு வேலை.

அவர்கள் கவனிக்காதது ஒன்று உண்டு. விட்சர் செய்யும் சீடி புரொஜெக்ட் ரெட் 2022 மார்ச்சில் அன்ரியலுக்குப் போவதாக அறிவித்தது. ஆனால் சைபர்பங்க் 2077இன் பெரிய விரிவாக்கமான ஃபேண்டம் லிபர்ட்டி 2023 செப்டம்பரில் வந்தது, பழைய ரெட் எஞ்சினிலேயே. மாற்றம் அடுத்த விட்சருக்குத்தான். 2021இல் வந்த ஹேலோ இன்ஃபினிட்டையும் எவரும் தூக்கி அன்ரியலில் போடவில்லை. கையில் இருக்கும் கேமை இருந்த எஞ்சினிலேயே முடித்துவிட்டு, அடுத்ததைத்தான் புதிதில் தொடங்குகிறார்கள். இவ்வளவு பணமும் ஆளும் உள்ளவர்களே அப்படி.

இடையில் மாற்றிய கதை வேண்டுமென்றால் டியூக் நியூக்கம் ஃபோரெவர். 1997இல் குவேக் 2 எஞ்சினில் அறிவித்தார்கள், 1998இல் அன்ரியலுக்கு மாற்றினார்கள், கடைக்கு வந்தது 2011இல். எஞ்சின் மட்டுமே காரணமல்ல, ஆனாலும் தொடக்கம் அதுதான். ஸ்லே த ஸ்பயர் 2 யூனிட்டியிலிருந்து கோடோ என்ற இலவச எஞ்சினுக்கு இடையில்தானே மாறியது என்று கேட்பீர்கள். அது சீட்டு விளையாட்டு. அதில் முறிகிற கொம்பு இல்லை.

செய்தியின் தலைப்பை மட்டும் வாசிப்பது

பெரிய ஸ்டூடியோ சொந்த எஞ்சினை விடுவது, அன்ரியலில் படம் அழகாக வரும் என்பதற்காக மட்டுமல்ல. ஸ்லிப்ஸ்பேஸின் சில பகுதிகள் ஏறக்குறைய 25 ஆண்டு பழையவை என்று அவர்களே சொன்னார்கள். அப்படியான எஞ்சினைப் பராமரிக்கவே தனி அணி வேண்டும். புதிதாகச் சேருகிறவர் வெளியே எங்கும் படித்திருக்க முடியாத ஒன்றை உள்ளே வந்துதான் படிக்க வேண்டும். அன்ரியல் தெரிந்தவரை வெளியில் தேடிப் பிடிக்கலாம். நிறுவனத்தின் சொந்த எஞ்சின் எல்லா வகைக் கேமுக்கும் பொருந்துவதும் இல்லை: சுடும் விளையாட்டுக்காக எழுதிய ஃப்ரொஸ்ட்பைட் எஞ்சினில் டிராகன் ஏஜ் என்ற ரோல்பிளேயிங் கேமைச் செய்யப்போன பயோவேர், அந்த வகைக் கேமுக்கு அடிப்படையான பல கருவிகளைத் தானே கட்ட வேண்டியிருந்தது.

மூன்று பேர் கொண்ட அணிக்கு இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. நீங்கள் ஏற்கனவே வாடகை எஞ்சினில்தான் இருக்கிறீர்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலைக்காக அன்ரியல் தெரிய வேண்டும் என்றால், அது நியாயமான காரணம். ஒரு சின்ன அறையைத் தனியாகச் செய்து பழகுங்கள்.

எட்டு ஜிபி ரேமில் அன்ரியல் 5

வேண்டாம்.

தமிழைக் கடைசி நாளில் போட்டுப் பார்ப்பது

தலைப்பை ஆங்கிலத்தில் வைத்தே வேலை பார்த்துவிட்டு, முடிவில் “கொம்புமுறி” என்று போட்டால் யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் ஒற்றைக்கொம்பு (ெ) ககரத்துக்கு இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் குந்தியிருக்கும். நல்ல எழுத்துரு போட்டாலும் இதே கதிதான். எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலையை அது செய்வதில்லை. கோடோ 4உம் அன்ரியலும் ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு இதைச் சரியாகச் செய்கின்றன. தமிழ் உரையாடல் நிறைய வரும் கேம் என்றால், எஞ்சினைத் தேர்வதற்கு முன் “கொக்கு, பெட்டி, கௌளி” என்று மூன்று சொல்லை எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சொந்த எஞ்சின் எழுதுவது

கேம் செய்ய ஆசையா, எஞ்சின் செய்ய ஆசையா? இரண்டாவது என்றால் தாராளமாக.

உரிமப் பத்திரத்தை வாசிக்காமல் “ஏற்கிறேன்” அழுத்துவது

கேமின் வருமானத்தில் அன்ரியல் கேட்கும் 5 வீதப் பங்கைப் பற்றி ராத்திரி முழுக்க விவாதிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த 5 வீதம் ஒரு கேம் 10 இலட்சம் டொலர் ஈட்டிய பிறகுதான் தொடங்கும். அந்தக் கவலை வருகிற அன்று எனக்கும் அழைப்பெடுங்கள், கொண்டாடுவோம்.

கவனிக்க வேண்டியது விதி மாறுவதை. யூனிட்டி 2023 செப்டம்பர் 12 அன்று, குறித்த வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. இலவசக் கேம் செய்கிறவர்களுக்கு அடிவயிறு கலங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் பத்து நாளில் விதியைத் தளர்த்தினார்கள், தலைமை நிர்வாகி விலகினார், சரியாக ஓராண்டில் கட்டணத்தையே கைவிட்டார்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமம் கோடோவுக்கு என்பதால் கையில் இருக்கும் பதிப்புக்கு அப்படியொரு பயம் இல்லை. மற்ற இரண்டில் எதை எடுத்தாலும், வேலை தொடங்கும் நாளில் இருக்கும் உரிமப் பத்திரத்தை இறக்கி, எஞ்சினின் பதிப்பு எண்ணோடு சேர்த்து புரொஜெக்ட் ஃபோல்டருக்குள் போட்டு வையுங்கள். நடுவில் எஞ்சினை அப்டேட் செய்யக் கேட்டால், புதிய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அழுத்துங்கள்.