டென்மார்க்கில் பாராசூட்டில் குதித்த இரகசிய முகவர் ஒருவரின் தடத்தைத் தேடுவது எப்படி

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த டென்மார்க்குக்கு, பிரிட்டனில் பயிற்சி பெற்ற டேனிஷ்காரர்கள் இரவில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்டார்கள். எதிர்ப்பு இயக்கத்துக்கு ஆயுதம், வெடிமருந்து, வானொலித் தொடர்பு, நாசவேலைப் பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு சேர்ப்பது அவர்களுடைய பணி. அவர்களை அனுப்பியது, 1940 ஜூலையில் சர்ச்சில் அரசு தொடங்கிய சிறப்பு நடவடிக்கை நிர்வாகம், சுருக்கமாக எஸ்ஓஇ. இந்த முகவர்களில் ஒருவரைப் பற்றி எழுத முனைபவர்கள் பெரும்பாலும் அவருடைய பெயரை வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்கி, விரைவில் திசை தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஒரு முகவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று, போலி அடையாள அட்டையில் ஒன்று, தோழர்கள் அழைத்தது ஒன்று, லண்டன் தந்திகளில் வழங்கியது வேறொன்று என நான்கு பெயர்கள் இருப்பது சாதாரணம். ஆனால் அவர் குதித்த இரவு ஒன்றுதான். இறங்கிய வயலும் ஒன்றுதான். அந்த இரவைப் பிடித்துக்கொண்டு தேடினால் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தாமே வந்து சேரும்.

இதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. ஒரே இரவை, ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாத பல தரப்பினர் தத்தம் தேவைக்காகப் பதிவு செய்தார்கள். விமானப்படை தன் விமானத்துக்குக் கணக்கு வைத்தது. லண்டன் தலைமையகம் தன் ஆளுக்குக் கணக்கு வைத்தது. டேனிஷ் காவல்துறை வயலில் கிடந்த பாராசூட் துணிக்கு அறிக்கை எழுதியது. இவற்றில் குறைந்தது இரண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போதுதான் ஒரு செய்தியை உறுதியாக எழுத வேண்டும்.

ஆண்டைக் குறித்துக்கொள்வது

முதலில் செய்ய வேண்டியது, தேடும் சம்பவம் எந்தக் காலப்பகுதியைச் சேர்ந்தது என்று முடிவு செய்வது. டென்மார்க் 1940 ஏப்ரல் 9 அன்று ஆக்கிரமிக்கப்பட்டது. ஆனால் அதன் அரசு 1943 ஆகஸ்ட் 29 வரை பதவியில் நீடித்து ஜெர்மானியரோடு ஒத்துழைத்தது. அதனால் 1941, 1942 ஆண்டுகளில் இறங்கிய முகவர்களைத் துரத்தியவர்கள் பெரும்பாலும் டேனிஷ் காவலர்களே. இது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி; ஆய்வாளருக்கோ பெரும் பேறு, ஏனெனில் அந்தக் காலத்து ஆவணங்கள் டேனிஷ் மொழியில், ஒழுங்கான காவல்துறை நடைமுறைப்படி எழுதப்பட்டவை. 1943 ஆகஸ்டுக்குப் பின் வேட்டை ஜெர்மானிய இரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவின் கைக்குப் போய்விடுகிறது. 1944 செப்டம்பர் 19 அன்று டேனிஷ் காவல்துறையையே ஜெர்மானியர் கைது செய்து கலைத்துவிட்டதால், அதற்குப் பிந்தைய சம்பவங்களுக்குக் காவல்துறை அறிக்கையைத் தேடுவதில் பயனில்லை. கெஸ்டாபோவின் சொந்தக் கோப்புகளிலும் பெரும் இடைவெளிகள் உண்டு. எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றி அவர்கள் திரட்டியிருந்த தகவல்களை அழிப்பதற்காகவே 1944 அக்டோபர் 31 அன்று ஆர்ஹூஸ் பல்கலைக்கழகக் கட்டடத்தையும், 1945 மார்ச் 21 அன்று கோபன்ஹேகனின் ஷெல் கட்டடத்தையும் பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. இரண்டாம் தாக்குதலில் சில விமானங்கள் தவறுதலாக ஒரு பிரெஞ்சுப் பள்ளியின் மீது குண்டு வீசியதில் 86 குழந்தைகள் இறந்தனர். அந்தத் தாக்குதலைக் கோரியவர்களில் எஸ்ஓஇயின் அன்றைய தலைமை முகவர் ஓலே லிப்மன் முக்கியமானவர் என்பதால், கடைசிக் காலத்து முகவர்களைப் பற்றி எழுதுபவர் இந்தப் பக்கத்தையும் தாண்டிச் செல்ல முடியாது.

ஓர் இரவைப் பிரித்துப் பார்ப்பது

முறையைப் பழகிக்கொள்ள, டென்மார்க்கில் நடந்த முதல் குதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். 1941 டிசம்பர் 27க்கும் 28க்கும் இடைப்பட்ட இரவில், பிரிட்டிஷ் விமானப்படையின் 138ஆம் படையணியைச் சேர்ந்த விட்லி விமானம் ஒன்று சீலாந்துத் தீவில் ஹாஸ்லெவ் ஊருக்கு அருகில் இருவரை இறக்கியது. தலைவராக வந்த டாக்டர் கார்ல் யோஹான் ப்ரூனின் பாராசூட் விரியவில்லை. அவர் அங்கேயே இறந்தார். அவரோடு வந்த வானொலிக் கருவியும் நொறுங்கியது. இரண்டாமவரான மொகென்ஸ் ஹாமர் பத்திரமாக இறங்கினார். ஆனால் தலைவரும் இல்லை, கருவியும் இல்லை. இருந்தும் அவர் கோபன்ஹேகனுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த நடவடிக்கைக்கு லண்டன் இட்டிருந்த குறிப்பெயர் சில்பிளெயின்.

இந்த ஒரு பத்திச் செய்தியிலேயே தேடலுக்குத் தேவையான நான்கு பிடிமானங்கள் உள்ளன: இரவு, படையணி எண், இடம், குறிப்பெயர். தாளை நான்காகப் பிரித்து இவற்றை எழுதிக்கொண்டு, பிறகே ஆவணக்காப்பகத்தின் தேடுதளத்தைத் திறக்க வேண்டும்.

இரவை எழுதும்போது இரண்டு தேதிகளையும் சேர்த்தே எழுதுங்கள். விமானம் புறப்பட்டது 27ஆம் தேதி, குதித்தது 28ஆம் தேதி அதிகாலை என்றால், விமானப்படை ஏட்டில் ஒரு தேதியும் டேனிஷ் அறிக்கையில் மற்றொரு தேதியும் இருக்கும். இதை அறியாதவர்கள் ஒரே சம்பவத்தை இரண்டாக எண்ணிவிடுவதுண்டு. கடிகாரமும் குழப்பும். 1941 டிசம்பரில் பிரிட்டன் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இருந்தது. ஜெர்மானியர் நடைமுறையைப் பின்பற்றிய டென்மார்க்கோ குளிர்காலத்திலும் கோடைக்கால நேரத்தையே வைத்திருந்ததால் இரண்டு மணி முன்னால் இருந்தது. எனவே லண்டனில் மூன்று மணி என்றால் ஹாஸ்லெவில் நான்கு மணி. 1942 நவம்பரில் டென்மார்க் கடிகாரத்தைப் பின்னே திருப்பிய பிறகு, குளிர்காலங்களில் இந்த வேறுபாடு இல்லை. விமானப்படை ஏடு எந்த நேரக் கணக்கில் எழுதப்பட்டது என்பதையும் பார்த்துவிட்டே, விவசாயி கேட்ட விமான இரைச்சலை அதோடு பொருத்த வேண்டும்.

லண்டன் காகிதங்கள்

பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகம் லண்டனின் கியூ பகுதியில் இருக்கிறது. அங்கு மூன்று தொகுப்புகள் போதும். ஏஐஆர் 27 என்பது படையணிகளின் நடவடிக்கை ஏடு. அதில் 540 என்ற படிவம் நாளின் சுருக்கத்தையும், 541 என்ற படிவம் ஒவ்வொரு விமானத்தின் எண், குழுவினர், புறப்பாடு, திரும்பிய நேரம் ஆகியவற்றையும் தருகிறது. முகவர்களின் பெயர் இதில் இராது. இரகசியம் காக்க விமானிகளுக்கே அது சொல்லப்படவில்லை. எச்எஸ் 2 என்பது எஸ்ஓஇயின் ஸ்காண்டிநேவியக் கோப்புகள். நடவடிக்கைக் குறிப்பெயரும் தந்திகளும் இங்கே கிடைக்கும். எச்எஸ் 9 தனிநபர் கோப்புகள். கடைசியாக உள்ளதை முதலில் கேட்பது எல்லாரும் செய்வது. நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வரிசை. விமானத்தையும் நடவடிக்கையையும் தெரிந்துகொண்டு தனிநபர் கோப்பைத் திறந்தால், பயிற்சியாளரின் ஒரு வரிக் குறிப்புகூடப் பொருள்படும்.

தனிநபர் கோப்பு, அதற்குரியவர் பிறந்து நூறு ஆண்டு ஆகும்வரை மூடப்பட்டிருக்கும். அவர் இறந்ததற்கான சான்றைக் காட்டினால் முன்னதாகவே திறக்கலாம். டென்மார்க்குக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் என்பதால் இப்போது இது பெரிய தடையில்லை. கோப்பே இல்லாமல் போவதுதான் உண்மையான தடை. எஸ்ஓஇயின் பேக்கர் தெருத் தலைமையகத்தில் 1946இல் தீப்பிடித்துப் பல ஆவணங்கள் எரிந்தன; அதற்கு முன்னும் பின்னும் களையெடுப்பு என்ற பெயரில் மேலும் பல அழிக்கப்பட்டன. ஆகவே கோப்பு கிடைக்காததை வைத்து, அப்படி ஒருவர் இருந்ததில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

எழுத்துக்கூட்டலில் தாராளமாக இருங்கள். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் டேனிஷ் மொழியின் குறுக்குக்கோடிட்ட ‘ஓ’ எழுத்து கிடையாது. ஆகவே ரோட்பொல் என்ற குடும்பப்பெயர் கோடில்லாத சாதாரண ‘ஓ’ போட்டும், ‘ஓஈ’ என்ற இரட்டை எழுத்திட்டும் காணப்படலாம். டேனிஷ் எழுத்துச் சீர்திருத்தம் 1948இல் வந்ததால், போர்க்கால ஆவணங்களில் வளையமிட்ட ‘அ’வுக்குப் பதில் இரண்டு ‘அ’க்கள் இருக்கும். ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தட்டித் தேட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

ஆள் எங்கிருந்து வந்தார் என்று தேடுகிறவர்கள் பஃப்ஸ் எனப்படும் அரச கிழக்குக் கென்ட் படைப்பிரிவின் பதிவுகளையும் பார்க்கலாம். டென்மார்க் மன்னர் அதன் கௌரவத் தலைவராக இருந்ததால் டேனிஷ் தன்னார்வலர்கள் அதில் சேர்ந்தார்கள். அங்கிருந்து பலர் எஸ்ஓஇயின் டேனிஷ் பிரிவுத் தலைவர் ரால்ஃப் ஹாலிங்வொர்த்தின் கண்ணில் பட்டார்கள். ஆனால் பஃப்ஸில் இருந்த டேனிஷ்காரர் எல்லாரும் டென்மார்க்கில் குதித்தவர்கள் அல்லர். விக்டோரியா சிலுவை பெற்ற ஆண்டர்ஸ் லாசனையே இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர் போரிட்டது வேறு களங்களில்.

டென்மார்க் காகிதங்கள்

கோபன்ஹேகனில் உள்ள விடுதலை அருங்காட்சியகம் 2013 ஏப்ரலில் தீக்கிரையானது. சேகரிப்பு காப்பாற்றப்பட்டு, நிலத்தடிக் கட்டடமாக 2020இல் மீண்டும் திறக்கப்பட்டது. டேனிஷ் தேசிய அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் எதிர்ப்பு இயக்கத்தினரின் தரவுத்தளம் ஒன்று உண்டு. அங்கே முகவரின் பெயரைத் தேடியதும் நிறுத்திவிடாமல், அவர் இறங்கிய வட்டாரத்தின் பெயரையும் இட்டுத் தேடுங்கள். முகவரைப் பற்றி ஒரு வரி மட்டுமே இருக்கும்போது, அவரை வரவேற்ற பள்ளி ஆசிரியரைப் பற்றியோ விடுதிக்காரரைப் பற்றியோ நிறையவே இருக்கக்கூடும்.

வரவேற்புக் குழுவை அலட்சியம் செய்வதே இத்துறையில் வரும் எழுத்துகளின் பெருங்குறை என்பது என் கருத்து. ஜட்லாந்தின் வீட்ஸ்டென் விடுதிக்காரர் மாரியஸ் ஃபீல், தம் குடும்பத்தாரையும் அயலாரையும் சேர்த்துக்கொண்டு அல்லெஸ்ட்ரூப் புதர்நிலத்தில் இறங்கிய ஆட்களையும் ஆயுதப் பெட்டிகளையும் ஏற்றுக்கொண்டார். விமானம் வரும் செய்தி பிபிசியின் டேனிஷ் ஒலிபரப்பில், வாழ்த்துச் செய்தி போன்ற குறிப்பு வாசகமாக வரும். விடுதியில் வானொலி கேட்டவர்கள் விளக்குகளோடு கிளம்புவார்கள். 1944 ஜூன் 29 அன்று ஃபீலும் அவருடைய மகனும் மருமகனும் உட்பட எட்டுப்பேர் கோபன்ஹேகனின் ரூவாங்கனில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முகவருக்குத் தப்பிச் செல்ல ஸ்வீடன் இருந்தது. விடுதிக்காரருக்கு விடுதியை விட்டுப் போக இடமில்லை. ஒரு முகவரின் கதையில் இப்படிப்பட்டவர்கள் ‘உள்ளூர்வாசிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டால், அந்தத் தேடல் முழுமை பெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

காவல்துறை அறிக்கைகளும் வழக்குக் கோப்புகளும் டேனிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தவற்றைப் படிப்பவர் திடமனதோடு படிக்க வேண்டும். அந்த ஏப்ரலில் குதித்த மூவரில் வானொலி இயக்குநரான பால் யோஹனெசன், செப்டம்பர் 5 அன்று டேனிஷ் காவலர் வீட்டைச் சூழ்ந்தபோது சயனைடு விழுங்கி இறந்தார். அவர்களுடைய தலைவர் கிறிஸ்டியன் மிக்கேல் ரோட்பொல் அதே மாதம் 26ஆம் தேதி டேனிஷ் காவலரின் துப்பாக்கிக்குப் பலியானார். இதற்குப் பிறகு அக்டோபரில் ஹாமரை மீண்டும் அனுப்பியபோது, தரையில் நம்பத்தக்க வரவேற்பு இல்லாததால், நீர் புகாத உடையணிவித்து டீஸ்வில்ட கரையோரக் கடலில் குதிக்க வைத்தார்கள். ஏன் கடலில் என்ற கேள்விக்கு விடை லண்டன் கோப்பில் மட்டும் இருக்காது. செப்டம்பர் மாதக் காவல்துறை அறிக்கைகளோடு சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.

நினைவுக்குறிப்புகளையும் வாக்குமூலங்களையும் எடைபோடுவது

போருக்குப் பின் முகவர்கள் எழுதிய நினைவுக்குறிப்புகள் சுவையானவை. உரையாடல், மனநிலை, அச்சம் ஆகியவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். தேதிக்கும் எண்ணிக்கைக்கும் தனியே சான்று தேட வேண்டும். 1943 மார்ச்சில் குதித்து 1944 இறுதிவரை தலைமை முகவராக இருந்த ஃபிளெமிங் மூஸ் மீது, இயக்கத்தின் பணத்தைக் கையாண்ட விதம் பற்றிப் போருக்குப் பின் குற்றச்சாட்டு எழுந்தது. அவருடைய காலத்தில்தான் ஆயுதப் பொழிவு வளர்ந்தது என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்து எழுதப்பட்ட எதையும் ஐயத்தோடு அணுகுங்கள்.

வாக்குமூலம் இன்னும் நுட்பமானது. 1943 டிசம்பரில் ஆர்ஹூஸில் பிடிபட்ட யாகோப் யென்சன் என்ற முகவர், சித்திரவதைக்குப் பின் பேசினார்; தொடர்ந்து பலர் கைதானார்கள். லோலன் தீவில் முகவர்களுக்கு அடைக்கலம் தந்த மோனிகா விச்ஃபெல்டும் அவர்களில் ஒருவர். மரண தண்டனை சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1945 பிப்ரவரியில் ஜெர்மானியச் சிறையொன்றில் அவர் இறந்தார். இத்தகைய கோப்பிலிருந்து எடுத்து எழுதும்போது, யார் கேட்டார்கள், எந்த நாள் கேட்டார்கள், அதற்கு முன்பே கெஸ்டாபோவுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘காட்டிக்கொடுத்தார்’ என்ற வினையை மட்டும் எழுதுவது வசதியானது, நேர்மையானதன்று.

வானொலித் தந்திகளைப் படிப்பவர் கருவியையும் கவனிக்க வேண்டும். லண்டன் அனுப்பிய கருவிகள் கனமானவை. பேங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனப் பொறியாளர் டூஸ் ஹன்சன், தொலைபேசிப் புத்தக அளவுக்கு அடங்கும் கருவியை உருவாக்கினார். எந்தத் தந்தி எந்தக் கருவியில் போனது என்று தெரிந்தால், இயக்குநர் எத்தனை விரைவாக இடம் மாறியிருக்க முடியும் என்பதையும் ஊகிக்கலாம்.

கடைசியாக, இறங்கிய இடத்துக்கு நேரில் போவதற்கு முன், அந்த வட்டாரத்தின் உள்ளூர் ஆவணக்காப்பகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். டென்மார்க்கில் சிற்றூர்களிலும் இவை உண்டு. பல தன்னார்வலர்களால் நடத்தப்பட்டு, வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். கடிதத்தில் இரண்டு தேதிகளையும், படையணி எண்ணையும், பண்ணை அல்லது காட்டின் பழைய எழுத்துக்கூட்டலையும் தாருங்கள். உங்களிடம் உள்ள காவல்துறை அறிக்கையின் நகலை இணையுங்கள். ஹாஸ்லெவ் அருகே ப்ரூன் விழுந்த இடத்துக்கு நினைவுக்கல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இறங்குதளங்கள் இன்று உழுத வயல்கள், தனியார் நிலங்கள். உரிமையாளரின் அனுமதியைக் காப்பகத்தின் வழியாகக் கேட்டுப் பெற்ற பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.