முழங்காலுக்கு 10 சதவீதம் 20 ஆனது எப்படி

அமெரிக்க ராணுவப் பணியில் அடிபட்ட என் முழங்காலுக்கு, முன்னாள் படைவீரர் துறையில் (VA) மாத உதவித்தொகைக்கான ஊன மதிப்பீடாக 10 சதவீதம்தான் தந்தார்கள். பரிசோதனை அன்று வலி குறைவு. கால் மடங்கிய அளவை அப்படியே எழுதிவிட்டார்கள். வலி கூடும் நாட்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது அநியாயம். அந்த நாட்களில் கால் எவ்வளவு மடங்கும் என்று பரிசோதகர் கணிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது, படைவீரர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமெரிக்க நீதிமன்றம் 2017-இல் தந்த ஷார்ப் வழக்குத் தீர்ப்பு.

மடங்குவது 45 டிகிரியில் நின்றால் 10 சதவீதம், 30 டிகிரியில் நின்றால் 20. சரி என்று, வலி கூடிய நாளிலேயே என் மருத்துவரிடம் போய் அளந்து எழுதி வாங்கினேன். படியேற நான் படும் பாட்டை மனைவி தனியாக எழுதிக் கையெழுத்திட்டார். முடிவு வந்த ஓராண்டுக்குள் சப்ளிமென்டல் கிளெய்ம் (புதிய சான்றோடு மறுபடி பார்க்கச் சொல்லும் மனு) போட்டதால், பழைய தேதியிலிருந்தே நிலுவைப் பணமும் கிடைத்தது.