மெத்தனாலுக்கான தாமிர வினையூக்கி: கடலூர், புதுச்சேரி ஆய்வகங்களுக்கான செய்முறை

கார்பன் டை ஆக்சைடை மெத்தனாலாக்கத் தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் சேர்ந்த வினையூக்கியிலிருந்து தொடங்குவதே நல்லது. 1966இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் குறைந்த அழுத்த மெத்தனால் முறையைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்தக் குடும்பம்தான் ஆலைகளில் ஓடுகிறது. இதன் தலையெழுத்து உலையில் அல்ல, பீக்கரிலேயே எழுதப்படுகிறது.

கடலோரத்தில் முதல் தொல்லை எடை போடும்போதே வரும். தாமிர, துத்தநாக நைட்ரேட்டுகள் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாட்டிலுக்குள்ளேயே கசிந்துவிடும். அப்படிப்பட்ட உப்பை எடை போட்டால் விகிதம் தவறும். கரைசலாக்கி, உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்த்து அளப்பது மேல். உப்பு காய்ந்திருந்தால் தாமிர நைட்ரேட் மூன்று நீரேறி 14.5 கிராம், துத்தநாக நைட்ரேட் ஆறு நீரேறி 8.9 கிராம், அலுமினிய நைட்ரேட் ஒன்பது நீரேறி 3.75 கிராம். கரைத்து 100 மி.லி. ஆக்கினால் உலோக விகிதம் 60:30:10. இன்னொரு பக்கம் 15.9 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டை 150 மி.லி. ஆக்குங்கள், எல்லாம் செலவாகாது.

குளோரைடு உப்புகள் வேண்டாம். போர் தண்ணீரும் வேண்டாம். கடலோரத்தில் அதில் உப்பு ஏறியிருக்கும், குளோரைடு தாமிரத்துக்கு விஷம். அயனி நீக்கிய நீரையும் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள். பால்போல் கலங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு லிட்டர் பீக்கரில் 200 மி.லி. நீரை 65 டிகிரியில் வைத்துக் கலக்கியபடி இரண்டு கரைசலையும் ஒருசேரச் சொட்டவிடுங்கள். அரைமணி நேரம் பி.ஹெச். 6.5க்கும் 7க்கும் இடையிலேயே நிற்க வேண்டும். நுரை பொங்கும், அதனால்தான் பெரிய பீக்கர். சொட்டு முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அதே சூட்டில் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் கலக்க வேண்டும். நீல வீழ்படிவு பச்சை கலந்த நீலமாக மாறுவதுதான் அடையாளம்: துத்தநாகம் புகுந்த மலக்கைட் (தாமிரக் கார்பனேட் வகைக் கனிமம்) படிகம் உருவாகிவிட்டது. அதற்கு முன்பே வடிகட்டினால் தாமிரமும் துத்தநாகமும் தனித்தனியே நிற்கும், பின்னால் தாமிரத் துகள் பெரிதாகும்.

கழுவுவதில் கஞ்சத்தனம் கூடாது. 60 டிகிரி நீரில் திரும்பத் திரும்பக் கரைத்து வடிகட்டி, வடிநீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே வரும்வரை கழுவுங்கள். மிஞ்சும் சோடியம் தாமிரத் துகள்களை ஒட்டிக்கொள்ள வைக்கும், கார்பன் மோனாக்சைடையும் கூட்டும். தாமிரம் கலந்த வடிநீரைச் சாக்கடையில் விடாதீர்கள்.

110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, நிமிடத்துக்கு 2 டிகிரியாக ஏற்றி 330இல் மூன்று மணி நேரம் சுடுங்கள். சுமார் 8 கிராம் கருப்புத்தூள் கிடைக்கும். அழுத்திப் பொடித்து 250–500 மைக்ரான் துணுக்குகளைச் சலித்தெடுங்கள்.

ஒடுக்குவதில், அதாவது தாமிர ஆக்சைடை ஹைட்ரஜனால் தாமிரமாக்குவதில்தான் அதிகம் கெடும், வினை அத்தனை வெப்பம் கக்கும். துணுக்கோடு வெப்பத்தைப் பரப்பும் சிலிக்கன் கார்பைடு கலந்து உலையில் நிரப்பி, நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் விட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரியாக 240 வரை ஏற்றுங்கள். வெப்பநிலைமானி வினையூக்கிப் படுக்கைக்குள்ளேயே இருக்கட்டும்; உலைச்சுவரில் வைத்தால் பொய் சொல்லும். படுக்கையின் சூடு வைத்த அளவைத் திடீரென 10 டிகிரி தாண்டினால் ஹைட்ரஜனை நிறுத்திவிடுங்கள். 300 தாண்டிய தாமிரம் கட்டியானால் மீளாது.

பிறகு 50 பார், 230–250 டிகிரி, ஹைட்ரஜன் மூன்று பங்குக்கு கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்கு. மாற்றம் குறைவென்று சூட்டை ஏற்றினால் கார்பன் மோனாக்சைடுதான் கூடும். மெத்தனால் வினை வெப்பம் கக்குவது, சூடு கூடக்கூடச் சமநிலை அதற்கு எதிராகப் போகும். வெளியேறும் குழாய் 150 டிகிரியில் இல்லையென்றால் மெத்தனாலும் நீரும் வழியிலேயே தேங்கி, கணக்கு குறைந்து காட்டும். கோடையில் 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவம் இருக்காது, அழுத்தமானி மிச்சத்தைச் சொல்லாது. சிலிண்டரை எடை போட்டே பாருங்கள்.

முடிந்ததும் சூடாகவே உலையைத் திறக்காதீர்கள். ஒடுக்கிய தாமிரம் காற்றுபட்டால் தானே பற்றிக்கொள்ளும். நைட்ரஜனில் அறை வெப்பத்துக்கு ஆறவைத்து, 1 சதவீத ஆக்சிஜன் கலவையை மெல்ல விட்டு, படுக்கையின் வெப்பம் ஏறி இறங்கி அடங்கிய பின்பே கொட்டுங்கள்.