பத்துமலையின் மறுபக்கம்: பாறை ஏறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துமலையின் 272 படிகளில் ஏறாத தமிழர் கோலாலம்பூரில் குறைவு. அதே சுண்ணாம்புக் குன்றைச் சுற்றிக்கொண்டு டாமாய் பக்கம் போனால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கயிறும், இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் ஹார்னஸ் பட்டையுமாகச் செங்குத்துப் பாறையில் ஆட்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் அங்கே தமிழ் கேட்பது அபூர்வம். இப்போது செந்தூலிலிருந்தும் கோம்பாக்கிலிருந்தும் நம் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். பேரங்காடிகளுக்குள் இருக்கும் ஏறுசுவர்களில் பழகிவிட்டு நேராகப் பாறைக்கு வருகிறவர்களும் உண்டு. அப்படி வருகிறவர்களுக்குக் கீழே நின்று, விழுந்தால் தாங்கும்படி கயிறு பிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். எல்லாரும் கையால் ஏறப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஒரு தம்பி வந்திருந்தான். தினமும் ஜிம்முக்குப் போகிறவன், நல்ல தோள், நல்ல புயம். பாதி உயரம் போவதற்குள் நின்றுவிட்டான். "கை செத்துப்போச்சு அண்ணே, விரல் மூடவே மாட்டேங்குது" என்று மேலிருந்து குரல். இறக்கிவிட்டுப் பார்த்தேன். முன்கை இரண்டும் கட்டைபோல இறுகிக் கிடந்தன. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகக்கூட அவனால் முடியவில்லை. அவனுக்குப் பிறகு ஏறியது, பள்ளியில் வேலை பார்க்கும் ஒல்லியான ஓர் அக்கா. புல்-அப் ஒன்றுகூட எடுக்க வராது என்று அவரே சொல்வார். அதே வழியில் நிதானமாக உச்சி வரை போய்வந்தார்.

அந்தத் தம்பியின் முன்கைக்குள் நடந்தது இதுதான். ஒரு தசை பலமாக இறுகும்போது தனக்குள் ஓடும் இரத்தக்குழாய்களையே நசுக்கிவிடுகிறது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் காலால் மிதித்ததுபோல, இரத்தம் உள்ளே வரவும் வழியில்லை, கழிவு வெளியேறவும் வழியில்லை. பிடியை விடாமல் இறுக்கித் தொங்கிக்கொண்டே இருந்தால், எவ்வளவு பெரிய தசையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஜிம்மில் வளர்ந்த புயம் இங்கே உதவாததற்குக் காரணம், விரலை மூடும் தசைகள் புயத்தில் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே இருக்கும் ஒல்லித் தசைகள். உடம்பையே தூக்கிச் சுமப்பதற்கென்று இருப்பவை தொடையும் பிட்டமும்.

பத்துமலைப் படியில் ஏறும் பாட்டிகளைப் பாருங்கள். கைப்பிடிக் கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு, ஒரு காலை மேலே ஊன்றி, எடையை அதன்மேல் மாற்றி, பிறகுதான் அடுத்த காலை எடுப்பார்கள். கம்பியைப் பிடித்து இழுத்து எந்தப் பாட்டியும் மேலே போவதில்லை. பாறையிலும் அதே நடைதான். கையை மடக்கி உடம்பை இழுக்காமல், கையை நீட்டி விட்டுத் தொங்குங்கள். இடுப்பைப் பாறையோடு ஒட்டி வையுங்கள். பாதத்தின் நடுப்பகுதியை வைக்காமல் கட்டைவிரல் நுனியை வைத்தால், குதிகாலைத் திருப்பி இடுப்பைச் சுழற்ற முடியும். காலை வைக்கும் இடத்தை, அது சரியாக உட்காரும் வரை கண்ணால் பாருங்கள். புதியவர்கள் காலைத் தூக்கியதுமே மேலே பார்த்துவிடுவதால்தான் அது வழுக்குகிறது. 'அகலக் கால் வைக்காதே' என்று நம் வீட்டில் சொல்வது பாறையில் சொல்லுக்குச் சொல் பொருந்தும். தூரத்துப் பிடிக்கு எட்டுவதைவிட, கிட்டத்தில் இரண்டு சின்ன அடி வைப்பது கைக்குச் சுமையைக் குறைக்கும். நடுவில் நல்ல இடம் கிடைத்தால் ஒரு கையை விட்டுக் கீழே தொங்கவிட்டு உதறுங்கள், பிறகு மறு கை. மிதித்த குழாயிலிருந்து காலை எடுக்கும் நேரம் அது.

மூச்சும் ஒரு விஷயம். பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி ஏறுகிறவர்களைக் கீழிருந்தே கண்டுபிடித்துவிடலாம். தோள் காதுவரை ஏறியிருக்கும். அவர்களிடம் சத்தமாக மூச்சை வெளியே விடச் சொல்வேன். வெளியே விட்டால் உள்ளே தானாக வரும்.

அடுத்தது விரல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த காயங்களில் மாதக்கணக்கில் ஆளை முடக்கிப்போடுவது இதுதான்.

விரலை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. முன்கையில் இருக்கும் தசையிலிருந்து தசைநாண் ஒன்று மணிக்கட்டு, உள்ளங்கை வழியாக விரல் நுனி வரை ஓடுகிறது. தூண்டில் கோலில் நரம்பு எப்படிச் சின்னச் சின்ன வளையங்கள் வழியாகப் போகிறதோ, அப்படியே இந்த நாணும் எலும்போடு ஒட்டிய வளையங்கள் வழியாகப் போகிறது. வளையம் இல்லாவிட்டால், இழுக்கும்போது நாண் எலும்பை விட்டு வில்லில் கட்டிய கயிறுபோல விலகி நிற்கும். விரலின் அடிப்பகுதியில் இருக்கும் ஏ2 என்ற வளையத்தைத்தான் பாறை ஏறுபவர்கள் அதிகம் அறுத்துக்கொள்கிறார்கள், அதிலும் மோதிர விரலிலும் நடுவிரலிலும்.

அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிக்கும் விதம். சின்ன விளிம்பு கிடைத்ததும் விரலின் நடு மூட்டை நன்றாக மடக்கி, நுனி மூட்டைப் பின்பக்கம் வளைத்து, மேலே கட்டைவிரலையும் போட்டு அமுக்குவோம். கிரிம்ப் என்பார்கள். பிடி உறுதியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்தக் கோணத்தில் நாண் வளையத்தை முட்டித் தள்ளுகிறது. விரலை ஓரளவு நீட்டி, கொக்கிபோலத் திறந்து பிடித்தால் வளையத்தின் சுமை வெகுவாகக் குறையும். முதலில் பலவீனமாகத் தோன்றும், பழகிவிட்டால் அதுவும் பலமான பிடிதான். கிரிம்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். அதையே பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, கிரிம்ப் பிடித்து எத்தனையோ பேர் வருடக்கணக்கில் ஏறுகிறார்களே, புதியவர்களுக்கு மட்டும் ஏன் அறுகிறது? தசை சில வாரங்களில் பலம் ஏறிவிடும். நாணுக்கும் வளையத்துக்கும் இரத்த ஓட்டம் குறைவு, அவை பலப்பட மாதங்கள் ஆகும். பயிற்சி தொடங்கிய மூன்றாம் மாதத்தில், நேற்றுவரை தொங்க முடியாத விளிம்பில் இன்று தொங்க முடிகிறது. அந்தச் சந்தோஷத்தில் வாரத்தில் ஐந்து நாள் போகிறோம். தசை தயாராக இருக்கிறது, வளையம் தயாராக இல்லை. முதல் வருடத்தில் இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள். மறுநாள் உடம்பு வலிப்பதைப் பார்த்து, "லாக்டிக் அமிலம்தான், இன்னும் கொஞ்சம் ஏறினால் கரைந்துவிடும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே போய்விடும். ஒன்று முதல் மூன்று நாள் வரை இருக்கும் அந்த வலி தசை நார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது, அது ஆற நேரம் கேட்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 13 முதல் 16 வயது வரை விரல் எலும்பில் வளர்ச்சித் தகடு, அதாவது எலும்பு நீளும் மென்மையான பகுதி, இன்னும் கெட்டிப்பட்டு மூடியிருக்காது. பெரியவர்களுக்கு வளையம் அறுகிறதென்றால், இவர்களுக்கு அந்தத் தகட்டில் விரிசல் விழுகிறது. பெரும்பாலும் சத்தமும் இருக்காது, விழுந்த சம்பவமும் இருக்காது. விரலின் நடு மூட்டில், நகம் இருக்கும் மேல்பக்கமாக ஒரு வலி மெதுவாக வந்து தங்கும். பிள்ளை இரண்டு வாரமாக விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஏறுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். சீக்கிரம் பார்த்தால் ஓய்விலேயே ஆறிவிடும். பார்க்காமல் விட்டால் விரல் கோணலாகவே வளர்ந்துவிடலாம். காலே வைக்காமல் கையால் மட்டும் பலகைக்குப் பலகை தாவும் பயிற்சி இந்த வயதுக்கு வேண்டாம், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும்.

நம் வீடுகளில் நடக்கும் இன்னொரு தவறு, உருவிவிடுவது. எனக்கே நடந்தது. மோதிர விரலில் டப்பென்று ஒரு சத்தம், உள்ளங்கைப் பக்கம் விரலின் அடியில் வலி, அன்று சாயங்காலமே வீக்கம். வீட்டில் எல்லாரும் சொல்லி, தெரிந்தவர் ஒருவரிடம் போனேன். எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுப்பதுபோல இழுத்து உருவினார். அறுந்த வளையத்துக்கு மேலே நாணை இழுத்தால் என்ன ஆகும்? ஆறு வாரத்தில் சரியாகியிருக்க வேண்டியது நாலு மாதம் எடுத்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உருவுவதற்கென்று ஒரு நேரம் உண்டு, நான் அதை ஒதுக்கவில்லை. அலுத்துப்போன தோளுக்கும் முதுகுக்கும் அது எவ்வளவோ இதம். ஆனால் புதிதாக வீங்கிய விரலில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். டப்பென்று சத்தம் கேட்டிருந்தால் அன்றைக்கு இறங்கிவிடுங்கள், ஒத்தடத்துக்கு ஐஸ் வையுங்கள், அல்ட்ராசவுண்டு எடுத்துப் பாருங்கள். வளையம் அறுந்திருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். பெரும்பாலானவை மோதிரம்போல ஒரு பட்டை போட்டாலே ஆறிவிடும்.

கயிறு பற்றி. லின் ஹில் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பாறை ஏறுபவர்கள் எல்லாரும் அறிவார்கள். 1989இல் பிரான்ஸில் பூவூ என்ற இடத்தில், கயிற்றை ஹார்னஸில் கட்டும் முடிச்சைப் பாதி போட்டுவிட்டு வேறு வேலையில் கவனம் போனதால் முடிக்காமலே ஏறினார். உச்சியில் கயிற்றில் எடை போட்டபோது முடிச்சு அவிழ்ந்து, 20 மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தார். மரம் ஒன்றில் பட்டு உயிர் தப்பினார். 1993இல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் என்ற மாபெரும் பாறையின் 'நோஸ்' வழியை, கருவிகளைப் பிடித்து ஏறாமல் தன் கைகால்களால் மட்டும் முதன்முதலில் ஏறி முடித்தவரும் அவர்தான். அவ்வளவு தேர்ந்தவருக்கே முடிச்சு மறந்துபோனது.

ஆகவே முடிச்சு போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள். எட்டு வடிவ முடிச்சைப் போட்டு, கயிற்று நுனியை அதே தடத்தில் திரும்ப ஓட்டிக் கட்டி முடித்ததும், ஏறுபவர் கயிறு பிடிப்பவரின் ஹார்னஸில் கயிற்றை நிறுத்தும் கருவியையும் அதை மாட்டிய கொக்கியின் பூட்டையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கயிறு பிடிப்பவர் ஏறுபவரின் முடிச்சையும் ஹார்னஸின் பக்கிளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தது கணக்கில்லை. கயிற்றின் மறுமுனையிலும் ஒரு முடிச்சு போட்டு வையுங்கள். உள்ளரங்கச் சுவரில் கயிற்றின் நீளம் பெரும்பாலும் போதும். பாறையில் வழி நீளமாக இருந்தால், ஆளை இறக்கும்போது கயிற்றின் முனை கருவி வழியாக நழுவி வெளியே போய்விடும், மேலே இருப்பவர் அப்படியே விழுவார்.

இங்கேதான் பாட்டு வருகிறது. பாறையடியில் ஸ்பீக்கர் வைத்துக் குத்துப்பாட்டு போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கும் பாட்டு பிடிக்கும், வரும் வழியெல்லாம் காரில் பாட்டுதான். ஆனால் மேலே இருப்பவர் 'டேக்' என்றால் கயிற்றை இறுக்க வேண்டும், 'ஸ்லாக்' என்றால் தளர்த்த வேண்டும். 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதுவும் பாறை மடிப்புக்குப் பின்னாலிருந்து வரும் அந்த ஒரு சொல், பேஸ் சத்தத்தில் கரைந்துபோகும். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருக்கிறேன் என்று சொல்கிறவர் கையில் நான் கயிறு கொடுப்பதில்லை. பக்கத்து வழியில் இன்னொருவர் ஏறிக்கொண்டிருந்தால் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்து நேராகப் பாறைக்கு வந்தால் குமட்டும், சாப்பாட்டுக்கும் ஏறுவதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். வந்ததும் உட்கார்ந்து ஒரே தசையை நிமிடக்கணக்கில் இழுத்து நீட்டாதீர்கள், அது சற்று நேரத்துக்குத் தசையின் வேகத்தைக் குறைக்கும். கையைக் காலைச் சுழற்றி, எளிய வழி ஒன்றில் ஏறி இறங்கினால் உடம்பு சூடாகிவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிகிறது, உடம்பு குளிர்வதில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது இரண்டு மிடறு குடியுங்கள், நீண்ட நாளாக இருந்தால் உப்பும் சேரட்டும். கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடருக்குப் பதில் குழந்தைக்குப் போடும் பவுடரைக் கொண்டுவராதீர்கள். சாக் என்பது மக்னீசியம் கார்பனேட், ஈரத்தை உறிஞ்சும். குழந்தைப் பவுடர் வழுக்கும். காலணி இறுக்கமாக இருக்கலாம், விரல் மரத்துப்போகக் கூடாது.

கடைசியாக மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மதியத்துக்குப் பிறகு இடி வராத நாள் குறைவு. காலை ஏழரைக்கு வந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது. இடிச் சத்தம் தூரத்தில் கேட்டாலும் மேலே இருப்பவரை உடனே இறக்கிவிடுங்கள், இன்னும் ஒரே ஒரு பிடிதான் பாக்கி என்று அவர் சொன்னாலும் சரி. மழை விட்ட பிறகும் சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே காய்ந்ததுபோலத் தெரியும் பிடிக்குள் விரலை விட்டுப் பாருங்கள், உள்ளே சொதசொதவென்று இருந்தால் அன்றைக்குக் கயிற்றைச் சுருட்டிவிட்டு மறுவாரம் வாருங்கள்.