ஈர வானத்தில் ஒரு வெள்ளைக் கயிறு

சென்ற ஞாயிறு எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பில் மூன்று பேர் ஒரே கயிற்றில் தடுக்கி விழுந்தார்கள். காசிமேட்டு விசைப்படகு, பின்னால் இன்னும் ஈரம் காயாத நீல வானம், அதன் மேல் வெள்ளைக் கயிறு இழுக்க வேண்டும். இழுத்தால் கயிறு வரவில்லை, சாம்பல் நிறப் புழு வந்தது. மூவரும் உடனே தூரிகையை முறைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அதைத்தான் முறைத்தேன். அழுக்குத் தூரிகை, மங்கிய வெளிச்சம் போன்ற அரிச்சுவடித் தவறுகளை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அடி வண்ணத்தில் எண்ணெயைக் கொட்டுவது

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தூரிகை கோணல் என்றேன். கடன் வாங்கி, விலை உயர்ந்த சேபிள் முடித் தூரிகை ஒன்றை வாங்கினேன். புழு கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவுதான்.

உண்மையில் நான் செய்த கோளாறு வேறு. வானம் வழுக்கிக்கொண்டு பரவ வேண்டும் என்று ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகக் கலந்திருந்தேன். சற்று நேரம் விட்டால் இறுகிவிடும் என்றும் நம்பினேன். எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும், அதற்கு நாள்கணக்கில் ஆகும். அந்தக் குளத்தில் போட்ட கோடுகள் எல்லாம் மிதந்து கரைந்தன. கரைந்ததன் மேலேயே மறுபடி இழுத்தேன். ஒவ்வோர் இழுப்பும் அடியிலிருந்த நீலத்தை வாரிக்கொண்டு வந்தது. பத்தாவது கயிற்றில் வானமே போய்விட்டது. அது முன்பணம் வாங்கி வரைந்த படம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்; இன்றும் எரிச்சல்தான்.

வாசலில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது யாராவது கோலம் போடுவார்களா? தரை ஈரத்தை உறிஞ்சிய பிறகுதான் மாவு இழை நிற்கும். இங்கே தரை தானாக உறிஞ்சாது, நீங்கள்தான் உறிஞ்ச வேண்டும். கோடு வரும் இடத்தில் தாளை மெல்ல அழுத்தி உரித்தெடுங்கள். மிகையான எண்ணெயும் வண்ணமும் அதோடு வந்துவிடும். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை 'டாங்கிங்' என்பார்கள். அதைவிட நல்லது, முதலிலேயே எண்ணெய் சேர்க்காமல் மெல்லிய பூச்சாகத் தேய்ப்பது.

கோட்டு வண்ணத்தைக் கெட்டியாக எடுப்பது

கோட்டுக்கான வண்ணம் அடி வண்ணத்தைவிட நீர்த்திருக்க வேண்டும். கெட்டியானது அடியை உழும். நீர்த்தது மேலே ஒட்டிக்கொள்ளும். டர்பன்டைன் விட்டு, பேனா மை பதத்துக்குக் கரையுங்கள். சென்னை வெயிலில், மின்விசிறியும் சுழன்றால், டர்பன்டைன் பறந்து கலவை மறுபடி கெட்டிப்படும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

ஒரே கோட்டில் இரண்டாம் முறை

போகாதீர்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் துணியில் துடையுங்கள்.

குட்டை முடித் தூரிகை

நுனி மெல்லியதாக இருந்தால் போதும் என்று மூன்று சுழிய எண் (000) கொண்ட பொடித் தூரிகையோடு வருகிறார்கள். அது பிடிக்கும் வண்ணம் பாதிக் கயிற்றுக்குக் கூடப் போதாது. நீள முடி கொண்ட ரிகர் தூரிகை வேண்டும். கப்பல் கயிறுகளை (ஆங்கிலத்தில் 'ரிகிங்') வரையப் பயன்பட்டதால்தான் அதற்கு அந்தப் பெயரே. கரைசலில் உருட்டி நுனி கூட்டி, காம்பின் கடைசியில் பிடித்து, தோளிலிருந்து இழுங்கள்.

எல்லாவற்றுக்கும் தூரிகை

விறைப்பான கம்பிக்கு, வண்ணம் குழைக்கும் பேலட் கத்தியின் விளிம்பு. புல்லுக்குத் தூரிகைக் காம்பால் ஒரு கீறல்.

அந்த நாசமான படம் இப்போதும் என் அலமாரிக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. கேட்பவர்களிடம் 'மழைக்காலக் காசிமேடு' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.